கெய்ரோவில் மகனுக்கு மனம் சோர்ந்தால்...

 

மௌலவிப் பட்டம் பெற்ற மகனை மேற்படிப்புக்காக எகிப்தின் அல்-அஸ்ஹருக்கு அனுப்பிவைத்த தாய்மார் நம்மிடையே பலர் இருக்கிறீர்கள். கைக்காப்பை விற்று விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தவர்களும் உண்டு. போன புதிதில் மகனின் பேச்சில் உற்சாகம் பொங்கும். கான் அல்-கலீலி கடைத்தெரு, நைல் நதி, அல்-முஇஸ் வீதியின் இருமருங்கிலும் நிற்கும் பழைய பள்ளிவாசல்கள் என்று சொல்லி மாளாது. சில மாதங்கள் போனதும் குரல் மாறும். ஒருநாள், “உம்மா, எனக்கு இங்கே ஓத ஏலாது, ஊருக்கு வரட்டுமா?” என்று கேட்பான்.

பதறாதீர்கள், ஏசவும் வேண்டாம். காரணத்தை விளங்கிக்கொள்ளுங்கள்.

ஏழு வருடம் அவன் ஓதியது கிதாபின் அரபு. கெய்ரோத் தெருவின் அரபு வேறு. அங்கே ‘ஜமல்’ என்பது ‘கமல்’ ஆகிறது, ‘கஹ்வா’ என்பது ‘அஹ்வா’ ஆகிறது. ரொட்டி வாங்கப் போன இடத்தில் பேச்சு விளங்காமல் நிற்பவனுக்கு, தான் ஓதியதெல்லாம் வீணோ என்று தோன்றும். அத்தோடு, நமது அரபுக் கல்லூரியில் சுபஹுக்குத் தட்டி எழுப்ப உஸ்தாத் இருந்தார். அங்கே தட்டி எழுப்ப ஆளில்லை. பரீட்சையோ தூரத்தில். நகரமோ நள்ளிரவிலும் விழித்திருக்கும். பார்க்கப் பார்க்கத் தீராத அந்த ஊரே, கிதாபைத் திறக்கவிடாத ஊராகவும் ஆகிவிடுகிறது.

இதே ஊரில் நடந்த ஒன்றை அவனுக்கு நினைவூட்டுங்கள். நாம் பின்பற்றும் மத்ஹபின் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150இல் பிறந்தவர்கள். எகிப்துக்கு வந்தபோது ஐம்பது வயதை நெருங்கியிருந்தார்கள். ஈராக்கில் பெரும் பெயர் பெற்ற பின்னரும் ‘போதும்’ என்று இருக்கவில்லை. தமது முந்திய தீர்ப்புகளைத் திரும்ப ஆராய்ந்தார்கள், ‘அர்-ரிஸாலா’வைப் புதிதாக எழுதினார்கள். ஹிஜ்ரி 204இல் (கி.பி. 820) வபாத்தாகும் வரையிலான அந்தச் சில வருடங்களின் உழைப்பையே ‘கவ்ல் ஜதீத்’, புதிய சொல், என்கிறோம். சகோதரிகளே, உங்கள் வுழூவிலும் தொழுகையிலும் நீங்கள் பேணும் சட்டங்களில் பெரும்பாலானவை அந்த மண்ணில் சீர்செய்யப்பட்டவை.

அவர்களின் மாணவர் ரபீஃ இப்னு சுலைமான் பாடம் விளங்கிக்கொள்வதில் மெதுவானவர். ஒரே மஸ்அலாவை இமாமவர்கள் நாற்பது தடவை சொல்லியும் அவருக்கு விளங்கவில்லை, வெட்கத்தால் சபையை விட்டு எழுந்துவிட்டார், இமாமவர்கள் தனியே அழைத்து விளங்கும் வரை திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. ‘அல்-உம்மு’ என்ற பெரும் கிதாப் நமக்குக் கிடைத்தது அந்த ரபீஃ அவர்களின் வழியாகத்தான். சபையை விட்டு எழுந்தவர் திரும்பி வந்து அமர்ந்ததால் வந்த பரக்கத் இது.

உங்கள் மகனும் திரும்பி அமரலாம். கி.பி. 972இல் தொழுகைக்குத் திறக்கப்பட்ட அஸ்ஹர் பள்ளிவாசலில் இன்றும் பாட வட்டங்கள் நடக்கின்றன. வாரத்தில் ஒரு வட்டத்தில் தவறாமல் அமரட்டும். தினமும் ஒரு பக்கமாவது, குறைவானாலும் விடாமல் ஓதட்டும். நிரந்தரமாகச் செய்யும் சிறிய அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்பதை அவனே ஊரில் ஓதிக்கொடுத்திருப்பான். மாலையில் நகரைச் சுற்றிப் பார்ப்பதும் குற்றமில்லை. பாடம் முடிந்த பின் பார்க்கும் நைல் இன்னும் அழகாகவே இருக்கும்.

உங்கள் பங்கும் இருக்கிறது. “எத்தனை புள்ளி?” என்று கேட்பதை விட்டு, “இன்று ஓதியதில் எனக்கொரு மஸ்அலா சொல்லித்தாங்க மகன்” என்று கேளுங்கள். உம்மாவுக்கு விளங்கச் சொல்ல வேண்டுமென்றால் அவன் முதலில் கிதாபைத் திறக்க வேண்டும். விற்ற காப்பைப் பற்றி ஒவ்வொரு அழைப்பிலும் நினைவுபடுத்தாதீர்கள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சாப்பாடும் தூக்கமும் கெட்டு, குரலே உடைந்து கிடந்தால் அது சோம்பலல்ல. அங்குள்ள நம் நாட்டு மூத்த மாணவர் ஒருவரை நேரில் பார்க்கச் சொல்லுங்கள், வைத்தியரிடமும் காட்டச் சொல்லுங்கள்.

மகளை அனுப்பியவர்களுக்கும் இதே சொல்தான். பிள்ளை ஊரை விட்டுப் போனது கல்விக்காக. அந்த நிய்யத்தைப் புதுப்பித்துக் கொடுக்க, தஹஜ்ஜுத் நேரத்து உங்கள் துஆவுக்கு ஈடாக வேறொன்று இல்லை. அல்லாஹ் நம் பிள்ளைகளின் இல்மில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.