யானை வாங்கி அங்குசத்துக்குத் தயங்கலாமா?



கார் என்பது ஒரு காலத்தில் மருத்துவருக்கும் மிராசுதாருக்கும் மட்டுமே உரிய பொருளாய் இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபோதுதான் நடுத்தரக் குடும்பங்களின் உள்ளத்தில் அந்த ஆசை முளைவிட்டது. 1998இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சாண்ட்ரோ தயாராகத் தொடங்கியபின் அது கிளைவிட்டது. இன்றோ, கடலூர் சிப்காட்டிலோ நெய்வேலியிலோ சிதம்பரத்துக் கடைவீதியிலோ வேலைக்குச் சேர்ந்து இரண்டாண்டு நிறையாத இளைஞன்கூட, "பழைய கார் ஒன்று மூன்று லட்சத்துக்கு வருகிறது, வாங்கட்டுமா?" என்று தகப்பனாரிடம் கேட்கிறான்.

இந்த ஆசையைக் குறை கூறுவதற்கில்லை. ஒரே ஸ்கூட்டரில் கணவன், மனைவி, முன்னே ஒரு பிள்ளை, மடியில் ஒரு பிள்ளை என நால்வர் நெடுஞ்சாலையில் செல்லும் காட்சியைக் காணும்போது நெஞ்சு பதைக்கிறது. கார்த்திகை மழையில் முதிய தாயைப் புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துச் செல்ல வேண்டியவர்களுக்குக் கார் ஆடம்பரமன்று, அவசியம். ஆயினும் யானையை வாங்கியவர் அங்குசத்துக்குத் தயங்கினால் என்ன ஆகும்? கார் வாங்கும் இளைஞர் பலர் வண்டிக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டுக் காப்பீட்டில் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்க முனைகின்றனர். அந்த மிச்சம் எத்தகையது என்பதையே இம்மாதம் ஆராய்வோம்.

முதலில் வீட்டுக் கணக்கு. மூன்று லட்ச ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 6,374 ரூபாய். முடிவில் செலுத்தியிருப்பது 3,82,000க்கும் மேல். கடலூரில் குடியிருந்து சிதம்பரத்தில் பணியாற்றும் ஒருவர் நாள்தோறும் காரிலேயே சென்று வருவதாகக் கொள்வோம். போக வர 90 கிலோ மீட்டர். மாதத்தில் 25 நாளுக்கு 2,250 கிலோ மீட்டர். லிட்டருக்கு 18 கிலோ மீட்டர் ஓடினால் 125 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 12,500 ரூபாய். தவணையைப்போல் இருமடங்கு எண்ணெய்க்கே போய்விடுகிறது! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும். ஆகவே அன்றாட வேலைக்குப் பேருந்தையும் இரயிலையும் நம்புங்கள்; குடும்பத் தேவைக்குக் காரை வையுங்கள். வாங்குமுன் ஆறு மாதம், தவணையும் எண்ணெய்ச் செலவும் சேர்ந்த தொகையை அஞ்சலகச் சேமிப்பில் தவறாது போட்டுப் பாருங்கள். வீட்டில் அடுப்பெரிவதற்கு இடையூறின்றி அது முடிந்தால், நீங்கள் காருக்குத் தகுதியானவர்; முன்பணமும் கையில் சேர்ந்திருக்கும்.

அடுத்து, எந்த வண்டி? புதிதாக வாங்குவோருக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களின் ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது ஓர் ஆறுதல். பழையதை நாடுவோர் ஆண்டைக் கவனிக்க வேண்டும். 2019 ஜூலை முதல் நாளுக்குப்பின் தயாரான கார்களில் ஓட்டுநருக்கான காற்றுப்பையும், சீட் பெல்ட் அணியாவிடில் ஒலிக்கும் எச்சரிக்கையும் கட்டாயமாக்கப்பட்டன. 2022 முதல் முன்னிருக்கையில் அமரும் மற்றவருக்கும் காற்றுப்பை கட்டாயம். தயாரான மாதமும் ஆண்டும் ஆர்.சி. புத்தகத்திலேயே உள்ளன. பத்தாண்டுப் பழைய பெரிய காரைவிட, இந்த ஆண்டுகளுக்குப் பிற்பட்ட சிறிய கார் இளைஞர் கைக்கு உகந்தது.

நம் மாவட்டத்துக்கென்றே ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2015ஆம் ஆண்டுப் பெருமழையிலும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியபோதும் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் பல. அத்தகைய வண்டி மெருகேற்றப்பட்டுச் சந்தைக்கு வந்தால், வெளிப் பார்வையில் கண்டுபிடிக்க இயலாது. காலடி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இருக்கையின் அடியிலுள்ள இரும்புத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழு நீளமும் வெளியே இழுத்தால் அதன் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை காட்டிக் கொடுக்கும். உப்பங்காற்று அடிக்கும் கடலோர ஊர்களில் ஓடிய வண்டியின் அடித்தகட்டையும் குனிந்து நோக்க வேண்டும். இவற்றையெல்லாம் பார்ப்பதற்கு உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் அழைத்துவரும் மெக்கானிக் அவருக்கே வேண்டியவர்.

இனி, காப்பீட்டுக்கு வருவோம். இங்கிலாந்து முதலிய நாடுகளில் ஓட்டுபவரின் வயதைப் பார்த்தே காப்பீட்டுக் கட்டணம் விதிப்பர். இருபது வயது இளைஞன் செலுத்துவது மிக அதிகம். நம் நாட்டிலோ கட்டாயக் காப்பீட்டின் கட்டணம் எஞ்சினின் அளவைப் பொறுத்தது, வயதைக் கேட்பதில்லை. 2022 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, ஆயிரம் சி.சி.க்கு மேற்படாத காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். ஆயிரத்துக்கு மேல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், வரி தனி. சட்டம் வயது பாராவிடினும் சாலை பார்க்கிறது. 2022இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 17,884 பேர். அவ்வாண்டு இந்தியா முழுவதிலும் சாலையில் உயிரிழந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்.

"தேர்ட் பார்ட்டி" என்று நாம் வழங்கும் இந்தக் காப்பீட்டை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. இது இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் அஞ்ச வேண்டியது அபராதத்துக்கன்று.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சைக்கிளில் வரும் 28 வயதுக் கொத்தனார் ஒருவர்; மாத வருமானம் 15,000; மனைவியும் இரு குழந்தைகளும் அவரை நம்பியிருப்பவர்கள். உங்கள் கார் மோதி அவர் இறந்துவிடுகிறார், தவறு உங்களுடையது. உச்ச நீதிமன்றம் 2009இலும் 2017இலும் வகுத்துத் தந்த முறைப்படி, எதிர்கால வருமான உயர்வுக்காக நூற்றுக்கு நாற்பது கூட்டினால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கென மூன்றிலொரு பங்கைக் கழித்தால் 14,000. ஆண்டுக்கு 1,68,000. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 17. ஆக 28,56,000 ரூபாய். ஈமச்செலவு முதலியனவும் வட்டியும் வேறு. காப்பீடு இருந்தால் நிறுவனம் கொடுக்கும். உயிரிழப்புக்கு அதில் உச்சவரம்பில்லை. இல்லையேல் உங்கள் வீடும் நிலமும் சம்பளமும் பதில் சொல்ல வேண்டும். அவற்றையும் விற்றுக் கொடுக்க இயலாதபோது, அந்தக் கொத்தனாரின் மனைவி தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்கையோடு நிற்பாள். இரண்டாயிரம் ரூபாயை மிச்சம் பிடித்ததன் விலை இரு குடும்பங்களின் வாழ்வு! பிறனுக்குரிய நீதியை முன்கூட்டியே எடுத்து வைப்பதே இக்காப்பீடு.

சரி, தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா? பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. சாலையில் வருபவருக்கே அது பாதுகாப்பு. உங்கள் காருக்குள் அமர்ந்திருக்கும் மனைவிக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் அன்று. சட்டத்துக்காக மட்டும் எடுத்த பாலிசியில் தனியார் காரில் அமர்ந்து வருபவர் அடங்கார், முழுக் காப்பீட்டிலேயே அடங்குவர் என்னும் வேறுபாட்டை 2012ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று தெளிவாக்கியது. வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு புறப்படுவோர் இதை நினைவிற் கொள்க. புயலும் வெள்ளமும் வண்டிக்கு விளைக்கும் சேதத்துக்கும் முழுக் காப்பீடே ஈடு தரும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் நம்மைச் சூறையாடியதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நீரில் நின்ற வண்டியைச் சாவி திருகி ஓட்ட முயன்று எஞ்சின் கெட்டால், எஞ்சினுக்கென்று தனிச் சேர்க்கை எடுத்திராதவருக்குப் பெரும்பாலும் பணம் கிடைப்பதில்லை. வெள்ளம் வடிந்தபின் இழுத்துச் சென்று பழுது பார்ப்பதே முறை.

புதுக்கார் வாங்குவோர் ஒன்றை நோக்க வேண்டும். 2018 செப்டம்பர் முதல் புதுக்காருக்குத் தேர்ட் பார்ட்டிக் காப்பீடு மூன்றாண்டுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. வண்டிச் சேதத்துக்கான பகுதியை ஓராண்டுக்கு மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம். "மூன்றாண்டு இருக்கிறதே" என்று எண்ணி இரண்டாம் ஆண்டைப் புதுப்பிக்காமல் விட்டோர் பலர்.

இன்னொன்று, வண்டி யார் பெயரில் உள்ளது என்பது. மகன் ஓட்டும் காரைத் தகப்பனார் பெயரில் வாங்குவது நம் வழக்கம். உரிமையாளர் தாமே ஓட்டும்போது இறந்தால் 15 லட்ச ரூபாய் தரும் தனிநபர் விபத்துக் காப்பு உண்டு. அது உரிமம் பெற்ற உரிமையாளருக்கே உரியது. தந்தையின் காரை மகன் ஓட்டித் தன் பிழையால் விபத்துக்குள்ளானால் அத்தொகை அவனைச் சேராது. பதினெட்டு வயது நிறைந்து உரிமமும் பெற்ற மகன்தான் ஓட்டப் போகிறான் என்றால், அவன் பெயரிலேயே பதிவு செய்க. அல்லது வண்டியில் இருப்போர் அனைவருக்குமான விபத்துச் சேர்க்கையைக் கேட்டு வாங்குக.

பழைய கார் வாங்கியவர் பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடலாகாது. டி.என். 31 ஆனாலும் டி.என். 91 ஆனாலும், 29, 30 எண் படிவங்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். வங்கிக் கடன் இருந்த வண்டியாயின், கடன் தீர்ந்ததற்கான வங்கிச் சான்றும் 35ஆம் படிவமும் வேண்டும். பதினான்கு நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவர் பெற்றிருந்த "நோ கிளெய்ம் போனஸ்" தள்ளுபடி அவருக்கே சொந்தம், வண்டியோடு வராது. விற்பவர்களே, உங்களுக்கும் ஒரு சொல்: வண்டியை விற்றுப் பணம் வாங்கியபின்னும் பதிவேட்டில் உங்கள் பெயரே இருக்குமாயின், விபத்துக்கு நீங்களே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

இத்தனையும் செய்தபின் அதை நாமே பாழாக்கும் வழிகளும் உள. "ஓன் போர்டு" காரில் கூலிக்கு ஆள் ஏற்றிச் செல்வது ஒன்று. அந்நேரத்தில் விபத்து நேர்ந்தால் நிறுவனம் பணம் தர மறுக்க இடமுண்டு. உரிமம் இல்லாத நண்பனிடம் சாவியைக் கொடுப்பது மற்றொன்று. அடிபட்டவருக்கு நிறுவனம் கொடுத்தாலும் அத்தொகையை உங்களிடமே திரும்ப வசூலிக்கும். பதினெட்டு நிறையாத பிள்ளையிடம் கொடுத்தாலோ, பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அப்பிள்ளை 25 வயது வரை உரிமம் பெற இயலாது.

ஆகவே இளைஞர்களே, கையிலுள்ள பணத்தை முழுவதும் வண்டியிலேயே கொட்டிவிடாதீர்கள். மூன்று லட்சம் இருந்தால் இரண்டரை லட்சத்து வண்டியைப் பாருங்கள். எஞ்சியதில் முழுக் காப்பீடும், பெயர் மாற்றமும், நல்ல டயரும் அடங்கட்டும். புதுக் காரை மாலையிட்டு ஆசீர்வாதத்துக்காகக் கோவில் வாசலுக்குக் கொண்டுவரும் நாளில், உங்கள் பெயர் எழுதிய காப்பீட்டுப் பத்திரம் வண்டிக்குள் இருக்கட்டும். அது உங்கள் வீட்டாருக்கும், சாலையோரம் நடந்து செல்லும் முகமறியா மனிதருக்கும் நீங்கள் செய்யும் முதற்கடன்.