தறியின் மேல் ஒரு பெயர்

தேவிகாபுரத்தில் எங்களை எழுப்புவது தறிச்சத்தம். பெரியநாயகி அம்மன் கோயில் மணி ஒலிக்கும் முன்பே ஏதாவதொரு வீட்டுக் குழித்தறியில் மிதி விழுந்துவிடும். அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த நான், கணிதம் பயில இக்கல்லூரிக்கு வந்தேன். சென்ற கோடை விடுமுறையில் கணிப்பொறியில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டேன். அங்கே நான் செய்த ஒரு பிழை என் மனத்தில் ஒரு கருத்தை ஊன்றிவிட்டது. அதை நண்பர்கள் முன்பும் ஆசிரியப் பெருமக்கள் முன்பும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணிப்பொறி நமக்கு அந்நியமானது என்று நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தயங்க வேண்டியதில்லை. 1804ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஜோசப் மேரி ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளால் தறியில் பூவேலை செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அதே அட்டை முறையைத்தான் பின்னர் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் பொறிக்கான திட்டத்தில் எடுத்தாண்டார். ஆகவே, தறியைக் கணிப்பொறியின் பாட்டி எனலாம்.

1982இல் வெளிவந்து இன்றுவரை வளர்ந்துவரும் ஆட்டோகேட் மென்பொருளில் 'பிளாக்' என்று ஒன்று உண்டு. ஒரு பொருளை ஒருமுறை வரைந்து பிளாக் ஆக்கிவிட்டால், வேண்டிய இடத்திலெல்லாம் அதைச் செருகிக்கொள்ளலாம். அந்தப் படத்தோடு எழுத்துக் குறிப்புகளையும் கட்டிவைக்கலாம். அவற்றுக்கு 'அட்ரிபியூட்' என்று பெயர். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு தலைப்பும் ஒரு மதிப்பும் உண்டு. 'கொக்கி' என்பது தலைப்பானால் '240' என்பது மதிப்பு.

பயிற்சிக்காக எனக்குக் கிடைத்தது 24 தறிகள் கொண்ட ஒரு தறிக்கூடத்தின் படம். தறி ஒரு பிளாக். அதற்கு நான்கு குறிப்புகள்: தறி எண், ஜக்கார்டு கொக்கிகள், நெய்பவர், முன்பணம். வேலை முடியும் நேரத்தில், "படம் வெளியே போகுது தம்பி, தறி நம்பரும் கொக்கியும் மட்டும் இருந்தா போதும், மத்ததை எடுத்துடு" என்றார் சொல்லிக்கொடுத்தவர். எளிய வேலைதானே என்று எல்லாத் தறிகளையும் தேர்ந்து 'எக்ஸ்ப்ளோட்' கட்டளை கொடுத்தேன். பிளாக் உடைந்தது. மதிப்புகள் மறைந்து தலைப்புகள் மட்டும் மிஞ்சின. முருகன், சரசு என்று இருந்த இடங்களிலெல்லாம் 'நெய்பவர்', 'நெய்பவர்' என்ற ஒரே சொல் 24 முறை நின்றது. சிரிப்பு வந்தது, மறுகணம் சிரிக்க முடியவில்லை. எங்கள் தெருவை வெளியுலகம் பார்க்கும் பார்வையே அதுதானே!

செய்ததை ரத்துசெய்து, முறையான வழியைக் கற்றேன். 'பிளாக் அட்ரிபியூட் மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்தால் பிளாக்கின் குறிப்புகள் வரிசையாகத் தெரியும். வேண்டாததைத் தேர்ந்து நீக்கலாம். ஆனால் ஏற்கெனவே செருகிய பிளாக்குகளுக்கும் மாற்றம் செல்ல வேண்டும் என்று அமைப்பில் முன்கூட்டியே குறித்திருக்க வேண்டும். குறிக்காவிட்டால் மூல வரையறையில் மட்டும் குறிப்பு போகும். பழைய தறிகளில் அப்படியே இருக்கும். பின்னொரு நாள் யாரோ 'அட்சிங்க்' கட்டளை கொடுத்தால் அவையும் போய்விடும். கையால் நகர்த்தி ஒழுங்குபடுத்திய எழுத்துகளும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். எக்ஸ்ப்ளோட்டுக்குப் பதிலாக 'பர்ஸ்ட்' கொடுத்தால் மதிப்புகள் சாதாரண எழுத்தாக நிற்கும். எனினும் பிளாக்கோடு இருந்த உறவு அறுந்துவிடும்.

நீக்காமல் மறைக்கவும் வழி உண்டு. 'அட்டிஸ்ப்' என்ற கட்டளையால் எல்லாக் குறிப்புகளையும் கண்ணுக்குத் தெரியாமல் செய்யலாம். ஒரு குறிப்பை மட்டும் மறைக்கவும் முடியும். அச்சிட்ட தாளில் வராது, கோப்பில் இருக்கும்.

'மறைத்தால் போதுமே, ஏன் நீக்க வேண்டும்?' என்று கேட்கலாம். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். கோப்பைப் பெறுபவர் ஒரே கட்டளையில் மறைந்ததை வெளிக்கொணர்வார். நெசவாளர் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார் என்பது ஊரார் அறியவேண்டிய செய்தியா? அன்று. அதை மறைத்தால் போதாது. அடியோடு நீக்க வேண்டும். ஆனால், அதே வேகத்தில் நெய்தவர் பெயரையும் சேர்த்துத் துடைப்பதுதான் தவறு. கடன் அவருடைய அந்தரங்கம். கைத்திறன் அவருடைய உரிமை. இரண்டையும் ஒரே கட்டளையில் அழிப்பது அறிவுடைமை ஆகுமா?

இது வரைபடத்தோடு நிற்கும் விஷயமில்லை. கடையில் ஒரு பட்டுச்சேலையை எடுத்துப் பாருங்கள். சில்க் மார்க், பட்டு தூயது என்று சொல்லும். 2006இல் வந்த கைத்தறி முத்திரை, கையால் நெய்தது என்று சொல்லும். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆரணிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு, ஊரைச் சொல்லும். மூன்றும் வேண்டியவையே, போலியைத் தடுப்பவையே. ஆயினும், நாள்கணக்கில் குழியில் கால் வைத்து ஊடை கோத்தவர் யார் என்பதற்கு அந்த மூன்றிலும் இடமில்லை. 'நெய்பவர்' என்ற தலைப்பு உண்டு, மதிப்பு காலி.

"விற்பனைக்குப் பெயர் எதற்கு?" என்பார் சிலர். நெசவாளர் பெயர் தெரிந்தால் வாங்குவோர் நேரே அவர் வீட்டுக்குப் போய்விடுவர் என்ற அச்சமும் வணிகரிடம் உண்டு. அந்த அச்சத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதல் போட்டவருக்கும் பிழைப்பு வேண்டும். விலாசமும் தொலைபேசி எண்ணும் வேண்டாம். பெயரும் ஊரும் போதும். நூலுக்கு ஆசிரியர் பெயர் போடுவதால் பதிப்பகங்கள் மூடிவிட்டனவா?

ஆகவே, வரைவுக்கலை பயிலும் நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். எதையும் நீக்குமுன் குறிப்புகளை 'டேட்டா எக்ஸ்ட்ராக்‌ஷன்' வழியாக அட்டவணையாக எடுத்து வையுங்கள். பிறர் அந்தரங்கத்தை மறைப்பதோடு நில்லாமல் நீக்குங்கள். உழைத்தவர் பெயரை மட்டும் எவர் சொன்னாலும் உடனே நீக்காமல் ஒருமுறை கேள்வி கேளுங்கள்.

நான் கேட்டேன். சொல்லிக்கொடுத்தவர் சற்று யோசித்து, "சரி, பேரு இருக்கட்டும்" என்றார். முன்பணம் மட்டும் போயிற்று.

பிறகு ஒருநாள், வேடிக்கையாக அந்த மேனேஜரில் ஒவ்வொரு குறிப்பாக நீக்கிப் பார்த்தேன். கடைசியாக ஒன்றே ஒன்று எஞ்சியபோது நீக்கும் பொத்தான் இயங்க மறுத்தது. ஒரே குறிப்புள்ள பிளாக்கிலிருந்து அதை அந்த வழியில் எடுக்க முடியாதாம். வேறு வழியில் பிளாக்கைத் திறந்து அழிக்கலாம்தான். ஆனாலும், அந்தப் பொத்தானின் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. திரையில் எஞ்சியிருந்தது 'நெய்பவர்' என்ற குறிப்பு.