எண்ணெயில் இனிப்பில்லை, ஆனாலும் அளந்து ஊற்றுங்கள்



நீரிழிவு எனப்படும் சலரோகம் இருப்பதாகக் கிளினிக்கில் சொன்னதும் நாம் முதலில் ஒதுக்குவது சீனியைத்தான். தேநீரை வெறுமனே குடிக்கப் பழகுகிறோம், சோற்றைக் குறைக்கிறோம். எண்ணெய்ப் போத்தல் மட்டும் அடுப்படியில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. "எண்ணெயில் இனிப்பில்லைத்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. "தேங்காய் எண்ணெய் சலரோகத்துக்கு மருந்தாம்" என்று சொல்பவர்களும் உண்டு. இந்த மாதம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

எண்ணெய் சீனியைக் கூட்டுமா?

எண்ணெயில் மாப்பொருளும் இல்லை, சீனியும் இல்லை. ஆகவே அது சீனியைப் போல உடனே குருதியில் குளுக்கோசை ஏற்றாது. ஆனால் அதற்கு வேறு இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, கொழுப்புக் கூடிய உணவு இரைப்பையில் நீண்டநேரம் தங்கும். ரொட்டியைப் பொரித்த கறியோடு சாப்பிட்டால் குருதியில் சீனி மெதுவாக ஏறி, பல மணித்தியாலங்கள் இறங்காமல் நிற்கக்கூடும். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் சோதித்துப் பார்த்து "பரவாயில்லை" என்று நினைத்தவருக்கு அதன் பிறகும் ஏறலாம்.

இரண்டாவது, எண்ணெய் உடம்பைப் பருக்கச் செய்யும். ஒரு கிராம் மாப்பொருளில் 4 கலோரி. ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேரும்போது, உடம்பில் சுரக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டிவரும்.

எந்த எண்ணெய் நல்லது?

நீரிழிவு உள்ளவருக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எனவே எண்ணெயைத் தெரிவு செய்யும்போது சீனியோடு இருதயத்தையும் நினைக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெயில் 100 கிராமுக்கு 80 கிராமுக்கு மேல் நிரம்பிய கொழுப்பு. பாம் எண்ணெயில் ஏறக்குறைய பாதி. நல்லெண்ணெயிலும் சோயா எண்ணெயிலும் 15 கிராம் அளவில்தான். சூரியகாந்தி எண்ணெயில் இன்னும் குறைவு. நிரம்பிய கொழுப்பு கூடாத கொலஸ்திரோலைக் கூட்டும். தேங்காய் எண்ணெய் பற்றிய 16 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து 2020 இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. மற்றத் தாவர எண்ணெய்களைவிட அது சீனியைக் கட்டுப்படுத்தியதாக அதில் தெரியவரவில்லை. 102 உணவுப் பரிசோதனைகளை ஆராய்ந்த 2016 ஆம் ஆண்டு ஆய்வொன்றில், நிரம்பிய கொழுப்புக்குப் பதிலாக சூரியகாந்தி, சோயா போன்றவற்றில் உள்ள நிரம்பாத கொழுப்பை உண்டபோது குருதிச் சீனி சிறிதளவு சீரானது. சிறிதளவுதான், மாத்திரைக்கு அது ஈடாகாது.

உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி, நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் நிரம்பிய கொழுப்பை 22 கிராமுக்குள் வைத்திருக்க வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயே அந்த அளவைத் தாண்டிவிடும். சொதியிலும் சம்பலிலும் புட்டிலும் சேரும் தேங்காய் வேறு இருக்கிறது. தேங்காயை அடியோடு விடச் சொல்லவில்லை. சொதி வைக்கும் நாளில் பொரியலைத் தவிருங்கள். தாளிக்க நல்லெண்ணெயோ சோயா எண்ணெயோ பாவியுங்கள்.

பாவற்காயும் கத்தரிக்காயும்

சலரோகத்துக்கு நல்லது என்று பாவற்காயை மெல்லிய வட்டமாக வெட்டி, முறுகப் பொரித்துச் சம்பல் போடுவது நம் வழக்கம். அந்தப் பாவற்காய் குடிக்கும் எண்ணெயை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பொரித்த கத்தரிக்காய்க் குழம்பும் அப்படியே. பாவற்காயைப் பாலில்லாக் குழம்பாக வையுங்கள். கத்தரிக்காயைச் சுட்டுச் சம்பல் போடுங்கள். கீரையை நீரில் அவித்துக் கடைந்து, கடைசியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள்.

பலகாரம் விற்கும் சகோதரிகளுக்கு

கணவரை இழந்து, வடையும் முறுக்கும் பொரித்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் சகோதரிகள் நம்மிடையே பலர். பொரித்து மிஞ்சிய எண்ணெய் வீட்டுக் கறிக்கும், விற்றுத் தீராத வடை தாயின் காலைச் சாப்பாட்டுக்கும் போவது வழக்கம். எதையும் வீணாக்காமல் வாழப் பழகியவர்கள் நாம். இடம்பெயர்ந்து 2009 இல் முகாம்களில் நிவாரண அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெயோடு நாட்களைக் கழித்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் பழுதடைந்து, குருதிக்குழாய்களுக்குத் தீங்கு செய்யும் பொருட்கள் அதில் உருவாகின்றன. கறுத்துத் தடித்த, நுரைக்கிற, சீக்கிரம் புகைகிற எண்ணெயைக் கொட்டிவிடுங்கள். பழைய எண்ணெயோடு புதியதைக் கலக்காதீர்கள். தாச்சியில் தேவைக்கு மட்டும் ஊற்றிப் பொரித்தால் மிஞ்சுவதும் குறையும்.

எப்படி அளப்பது?

போத்தலைச் சரித்து ஊற்றாமல் கரண்டியால் எடுங்கள். நீரிழிவு உள்ள வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று தேக்கரண்டி எண்ணெய் போதுமானது. வளர்ந்தவர்கள் நால்வர் உள்ள வீட்டில் 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று 12 நாட்களுக்கு வரவேண்டும். வாங்கிய திகதியைப் போத்தலில் எழுதி ஒட்டுங்கள். ஒரு கிழமையில் முடிந்துவிட்டால் எங்கே போகிறது என்று பாருங்கள். வளரும் பிள்ளைகளுக்கு இந்த அளவு பொருந்தாது. அவர்களின் உணவில் கைவைக்காதீர்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை

மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சீனி திடீரென இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். அப்போது வடையோ சொக்கலேட்டோ கொடுக்க வேண்டாம். அவற்றிலுள்ள கொழுப்பு, சீனி குருதியில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எண்ணெயை மாற்றிவிட்டோம் என்று மருந்தை நிறுத்தாதீர்கள். கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். கட்டுப்படாத சலரோகம் காலில் உணர்வைப் போக்கும், புண்ணை ஆறவிடாது. போரில் ஒரு காலை இழந்த சகோதரிக்கு மற்றக் காலைக் காப்பது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் ஒட்டியதைச் சாப்பிடும் தாய்மாரே, அந்த வீட்டைத் தாங்குவது உங்கள் உடம்புதான். நாளைக் காலை தாச்சியை அடுப்பில் வைக்கும்போது, கரண்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.