நோயும் தீமையும் ஒன்றா?

அமெரிக்கச் சித்திரக்கதைகளில் வரும் வீரர்களைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். அவ்வீரர்களை எதிர்க்கும் தீயோரைப் பற்றி இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

பற்மன் எனப்படும் வௌவால் மனிதன் 1939ஆம் ஆண்டிலே தோன்றினான். மறு ஆண்டே அவனுடைய பெரும் பகைவனாகிய ஜோக்கர் தோன்றினான். வெளிறிய முகமும், பச்சைத் தலைமயிரும், மாறாத சிரிப்பும் உடைய அவன், தொடக்கத்திற் கொலைகாரன், கொள்ளைக்காரன், அவ்வளவே. காலம் செல்லச் செல்ல அவன் பைத்தியக்காரனாகவே காட்டப்பட்டான். 1974ஆம் ஆண்டிலே ஆர்க்கம் என்னும் மனநோய் வைத்தியசாலை இக்கதைகளிற் புகுந்தது. அதன்பின், பிடிபட்ட தீயோர் பலர் சிறைக்கன்றி அங்கேயே அனுப்பப்பட்டனர். அங்கே குணமடைவோர் அரியர். தப்பி வந்து மீண்டும் கொலை செய்வோரே பலர்.

1989ஆம் ஆண்டிலே கிராண்ட் மொரிசன் எழுத, டேவ் மக்கீன் ஓவியந் தீட்டிய நூலொன்று ஆர்க்கத்தின் பெயராலேயே வெளிவந்தது. வர்ணமும் புகைப்படமும் ஒட்டுச்சித்திரமும் கலந்த அதன் பக்கங்கள், கடுங்காய்ச்சலிற் கண்ட கனவை ஒத்தன. அதன் கலைச்சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும், இருளும் குருதியும் நோயாளியின் முகத்தோடு இவ்வாறு பின்னப்படும்போது, படிக்கும் இளைஞர் உள்ளத்திற் பதிவது யாது? மனநோயாளர் அஞ்சத்தக்கவர் என்பதன்றோ!

உண்மை வேறு. கொடுஞ்செயல்களுட் பெரும்பாலானவை மனநோய் இல்லாதவராலேயே செய்யப்படுகின்றன. நோயுற்றோர் பிறரைத் தாக்குவதிலும் பிறரால் தாக்கப்படுவதே மிகுதி. இதனை அறியாத அச்சமோ பெருந்தீங்கு விளைக்கின்றது. உறக்கமிழந்து, காரணமற்ற பயத்தால் வாடும் மாணவன், தன் நிலையை வெளியிட்டாற் ‘பைத்தியம்’ என்பார்களே என்று வாய்மூடி இருக்கின்றான். பெற்றோர் ஊரார் பழிக்கு அஞ்சி மறைக்கின்றனர். வேளையோடு வைத்தியஞ் செய்தால் தணியக்கூடிய நோய், மறைவிலே முற்றுகின்றது.

வியப்பு யாதெனில், இதற்கு விடையும் அந்நூலிலேயே உண்டு. அதில் இருமுகன் என்றொருவன் வருகின்றான். முன்னர் நேர்மையான வழக்கறிஞனாய் இருந்து, அமிலத்தால் முகத்திற் பாதி வெந்தவன். ஒருபக்கம் கீறப்பட்ட நாணயத்தைச் சுண்டியே எதனையும் முடிவு செய்வான். வைத்தியர் அதனைப் பறித்து முதலிற் பகடைக்காயையும், பின்னர்ச் சீட்டுக்கட்டையும் கொடுக்கின்றனர். தெரிவுகள் பெருகப் பெருக, மலசலகூடம் செல்வதற்கும் முடிவெடுக்க இயலாது அவன் சிதைகின்றான். இறுதியிற் பற்மன் நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துத் தன் உயிரையே அவன் தீர்ப்புக்கு விடுகின்றான். இருமுகன் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, “விடுதலை” என்கின்றான். பற்மன் சென்றபின்னரே நாம் காண்கிறோம்: விழுந்தது கீறிய பக்கம், கொல்லும் பக்கம்!

நோய் அவனை விட்டு நீங்கவில்லை. ஆயினும் நன்மையைத் தெரிந்தெடுக்கும் ஆற்றல் அவனிடம் அழியவுமில்லை. நோய் வேறு, தீமை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆகவே பெற்றோர்களே, இத்தகைய நூல்களைப் பிள்ளைகளின் கையிலிருந்து பறிப்பதாற் பயனில்லை. அருகமர்ந்து, “இவன் கொலை செய்தது நோயினாலா, தன் விருப்பினாலா?” என்று கேளுங்கள். அக்கேள்வியிலே பழகிய பிள்ளை, நாளை தன் தோழன் உளந்தளர்ந்து நிற்கும்போது அஞ்சி விலகான். அவன் கைபற்றி வைத்தியரிடம் அழைத்துச் செல்வான்.