சிங்காநல்லூரில் ஒரு சந்தை இருந்தது

கோவை திருச்சி சாலையில் சிங்காநல்லூர் வழியாக நாள்தோறும் போய்வருகிறவர்களில் எத்தனை பேருக்கு, இந்நகருக்கென்றே ஒரு பங்குச் சந்தை அங்கே இருந்தது நினைவிருக்கும் என்று அறியேன். 1991-ல் தோன்றி, 2013 ஏப்ரலில், பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபியின் உத்தரவு பெற்று விலகிக்கொண்ட அந்த ஸ்தாபனத்தின் ஆயுள் இருபத்திரண்டு ஆண்டு. நம் ஊர் நூற்பாலைகள் சிலவற்றில் இயந்திரங்களே அதைவிட நீண்டகாலம் ஓடியிருக்கின்றன.

1994 நவம்பரில் பம்பாயில் தேசியப் பங்குச் சந்தை, கூச்சலும் கைஜாடையும் இல்லாமல் கம்ப்யூட்டர் திரையிலேயே பங்கு வியாபாரத்தைத் தொடங்கி, துணைக்கோள் வழியே ஊர்தோறும் தன் திரையைக் கொண்டுபோய் வைத்து, 1875 முதல் நடந்துவந்த பழைய பம்பாய்ச் சந்தையையே ஏறக்குறைய ஓராண்டில் முந்திவிட்டபிறகு, கோவைத் தரகர் இருந்த இடத்திலிருந்தே பம்பாய் விலைக்கு வாங்கவும் விற்கவும் சௌகரியம் பிறந்தது. ஆள் சேருமிடத்தில்தானே சரக்கும் சேரும். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ரூ.1,000 கோடி வியாபாரம் இல்லாத சந்தைகள் தாமாக விலகலாம், இல்லையேல் விலக்கப்படும் என்று 2012-ல் செபி விதித்தது சாவுக்குப்பின் எழுதிய சான்றிதழேயாகும். கொச்சி, பெங்களூர், 2015-ல் சென்னை என்று ஒவ்வொன்றாக மறைந்தன.

பழைய முறைக்காக நான் கண்ணீர் வடிக்கவில்லை. கையெழுத்து ஒத்துவரவில்லையென்று பங்குப் பத்திரம் திரும்பி வருவதும், போலிப் பத்திரத்தை வாங்கி ஏமாறுவதும், விற்ற பணத்துக்காகத் தரகர் வாசலில் வாரக்கணக்கில் காத்திருப்பதும் அக்காலத்தின் அன்றாடத் துன்பங்கள். இன்று விற்றால் மறுநாளே கணக்குத் தீர்கிறது. திரை செய்த இந்த உபகாரத்தை மறுப்பது நன்றிகேடு.

ஆயினும், தொழிலுக்கு முதல் திரட்டித் தரும் காரியத்துக்காகவே ஏற்பட்ட சந்தை, தானே பங்குதாரர்களைக் கொண்ட கம்பெனியாகி, பழைய பம்பாய்ச் சந்தையின் பங்கே 2017 முதல் விலைபேசப்படும் நிலையில், கைமாறும் ஒவ்வொரு ஆர்டருக்கும் சுங்கம் வாங்கிப் பிழைக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். சுங்கச்சாவடிக்கு வண்டியின் எண்ணிக்கைதான் முக்கியம். உள்ளே இருப்பது நெல்லா, வெறும் சாக்கா என்ற விசாரம் அதற்கில்லை. ஊக வணிகமான பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் மூன்றாண்டுகளில் தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தனர், போன தொகை ரூ.1.8 லட்சம் கோடிக்கு மேல் என்று 2024-ல் செபியே கணக்குச் சொன்னது. அந்த வியாபாரத்திலும் சந்தைக்குரிய சுங்கம் குறையாமல் வசூலாயிற்று.

மறைந்த சந்தைகளில் மாத்திரம் பட்டியலிடப்பட்டிருந்த சிறு கம்பெனிகளின் பங்குகளை ஓர் அறிவிப்புப் பலகைக்கு மாற்றினார்கள்; பெட்டியில் அந்தப் பத்திரம் வைத்திருப்பவருக்கு அதை வாங்க ஆள் தேடுவது தம் சொந்தப் பொறுப்பாயிற்று. சிறு நிறுவனங்களுக்கென்று 2012 முதல் இரு பம்பாய்ச் சந்தைகளும் தனிமேடை நடத்துவது உண்மைதான். ஆனால், எந்த மில்லில் கதிர் ஓடுகிறது, எந்த முதலாளியின் நாணயம் எப்படி என்று நேரில் அறிந்த கண்கள் அந்த மேடைக்கு இங்கிருந்து வேண்டும். கொங்கு நாட்டாரின் கைப்பேசிகளிலிருந்து அன்றாடம் சுங்கம் பெறும் அவ்விரு சந்தைகளும், இங்குள்ள பம்புசெட்டு, பனியன் தொழில்களைப் பரிசீலித்துப் பட்டியலிட, அந்தச் சுங்கத்தில் ஒரு பகுதியைக்கொண்டு கோவையில் ஓர் அலுவலகம் திறக்கலாம்.