கடலின் கணக்கைக் கபினியில் தொடங்குங்கள்

கடலோர நீரில் ரசாயன மாசு என்றதும் எண்ணூர்தான் நினைவுக்கு வருகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. படகும் வலையும் கருத்துப்போனதை நாடே பார்த்தது. பார்த்ததால்தான் விசாரணையும் நிவாரணமும் வந்தன. கண்ணுக்குத் தெரியாமல் ஆற்றோடு வந்து சேரும் மாசுக்கு அந்த யோகம் இல்லை. கடலே இல்லாத மைசூருவுக்கும் அந்த மாசில் பங்குண்டு. நகரின் தெற்குப் பகுதிக் கழிவுநீர் கபினிப் பக்கமாகத்தான் வடிகிறது. நஞ்சன்கூடு தொழிற்பேட்டையும் அந்த ஆற்றை ஒட்டியே இருக்கிறது. கபினி திருமகூடலு நரசிபுராவில் காவிரியோடு கலக்கிறது. காவிரிக் கழிமுகத்துக்கான சூழலியல் இடர் மதிப்பீட்டைப் பூம்புகாரில் தொடங்குவது காலங்கடந்த வேலை. அது கபினியிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆறுகளை நாம் பரிசோதிக்காமல் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் நாடெங்கும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசுபட்டவை என்று பட்டியலிட்டது. அதில் கர்நாடகத்தின் 17 பகுதிகளில் கபினியும் காவிரியும் இருந்தன. ஆனால் அந்தப் பட்டியலுக்கு அளவுகோல் பி.ஓ.டி. (கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) ஒன்றுதான். அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் ஆறு மாசுபட்டது. சாக்கடை கலந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். குரோமியமோ வலிமாத்திரையின் எச்சமோ கலந்தால் அதற்குத் தெரியாது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2 ஆண்டுகள் காவிரி நீரைப் பரிசோதித்து 2021-இல் வெளியிட்ட முடிவுகள் வேறொரு ஆற்றைக் காட்டின. இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், சிப்ரோஃப்ளாக்சசின், வலிப்பு நோய்க்கான கார்பமசெபின் ஆகியவற்றோடு ஆர்சனிக், குரோமியம், ஈயம் போன்றவையும் நீரில் இருந்தன. அவர்கள் அளந்ததோடு நிற்கவில்லை. நீரில் இருக்கும் அளவை, உயிரினத்துக்குத் தீங்கு செய்யாத அளவால் வகுத்துப் பார்ப்பது இடர் மதிப்பீட்டில் வழக்கமான முறை. விடை 1-ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று பொருள். சில மருந்துகள் சில நீர்வாழ் உயிர்களுக்கு நடுத்தரம் முதல் அதிகம் வரை ஆபத்தானவை என்று அந்தக் கணக்கு சொன்னது. வாரியங்கள் போட வேண்டிய கணக்கு இதுதான்.

ஒவ்வொரு ஆலையும் விதித்த வரம்புக்குள்தானே கழிவை விடுகிறது என்பார்கள். அப்படியே இருக்கட்டும். வரம்பு குழாய்க்கு, மீன் வாழ்வது எல்லாக் குழாய்களும் வீட்டுச் சாக்கடைகளும் சேர்ந்த நீரில். தவிர, வரம்பே இல்லாத பொருளை யார் மீறுவது? மருந்து ஆலைக் கழிவில் ஆன்டிபயாட்டிக் எச்சத்துக்கு வரம்பு விதிக்க 2020 ஜனவரியில் மத்திய அரசு வரைவு வெளியிட்டது. 2021-இல் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகளைக் காணோம். கடலளவு நீரில் இந்தத் துளிகள் என்ன செய்துவிடும் என்ற கேள்வி இதைவிட வலுவானது. கரைந்து போகும் பொருள்களுக்கு அது ஓரளவு பொருந்தும். உலோகங்களோ வண்டலில் ஒட்டிக்கொள்கின்றன, சிதைவதில்லை. நீர் குறைந்த மாதங்களில் அணையிலும் கதவணையிலும் தேங்கும் அந்த வண்டலைப் பெருவெள்ளம் கிளப்பிக் கீழே தள்ளுகிறது. அது போய்ச் சேரும் கழிமுகம்தான் இறாலும் மீனும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கும் இடம்.

தீங்கு நிரூபணமாகட்டும், பிறகு பார்ப்போம் என்பவர்கள் பந்திப்பூர், முதுமலைக் காடுகளில் மிச்சமிருக்கும் பாறு கழுகுகளை நினைத்துக்கொள்ளலாம். கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக்தான் அவற்றைக் கொன்றது என்று 2004-இல் தெரிந்தது, 2006-இல் தடை வந்தது. அதற்குள் நாட்டின் வெண்முதுகுப் பாறுகளில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டன. அதே மருந்துதான் இன்று ஆற்று நீரிலும் கிடைக்கிறது. பாறுக்கு நேர்ந்தது மீனுக்கும் நேரும் என்று இதற்குப் பொருளில்லை. நேர்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடே நம்மிடம் இல்லை என்பதுதான் குறை.

செலவு ஒரு தடையே அல்ல. ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. காவிரி நீர் வருகிறதா என்று எல்லையில் உள்ள பிலிகுண்டுலு அளவை நாள்தோறும் கவனிக்கும் இரு மாநிலங்களுக்கு, வண்டலைப் பருவத்துக்கு ஒருமுறை அள்ளிச் சோதிப்பது பெரிய காரியமில்லை. நஞ்சன்கூட்டிலும் நரசிபுராவிலும் மேட்டூரிலும் கொள்ளிட முகத்துவாரத்திலும் இரு மாநில வாரியங்களும் ஒரே முறையில் மருந்து எச்சத்தையும் உலோகத்தையும் அளக்கட்டும். முடிவுகளைக் கன்னடத்திலும் தமிழிலும் வெளியிடட்டும். நஞ்சன்கூட்டில் புதிய ஆலைக்கு ஒப்புதல் தரும்போது அந்த எண்கள் மேசையில் இருக்க வேண்டும். 2021-இல் கைவிட்ட வரம்புகளை மத்திய அரசு திரும்பக் கொண்டுவர வேண்டும்.