கல்யாணத்துக்கு யார் அனுமதி தருவது?

பொதட்டூர்பேட்டை நெசவாளி வீட்டில் கல்யாணம். திருத்தணி மலையில் முருகன் சன்னதியில் தாலி கட்டலாம். வீட்டு வாசலில் பந்தல் போட்டு, புரோகிதரை அழைக்கலாம். புரோகிதர் வேண்டாம் என்றால், உறவினர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் தமிழ்நாட்டில் 1967-ல் சட்டம் வந்துவிட்டது. பதிவுத் திருமணமும் உண்டு. எப்படி நடந்தாலும் கல்யாணம் கல்யாணம்தான்!

இஸ்ரேல் நாட்டில் அப்படி இல்லை. அங்கே யூத ஆணும் யூதப் பெண்ணும் உள்நாட்டில் மணம் செய்ய, மதகுருக்களின் சம்மதம் வேண்டும். அந்தக் குருக்களுக்கு 'ராபி' என்று பெயர். 1953-ல் வந்த சட்டம் அவர்களுடைய நீதிமன்றங்களுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது.

இரண்டு சாரார்

யூதர் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. ஒரு சாரார் மத விதிகளை அணுவும் பிசகாமல் காப்பவர்கள். சனிக்கிழமை ஓய்வு நாள். அன்று அடுப்பு மூட்டமாட்டார்கள், வண்டி ஏறமாட்டார்கள். இன்னொரு சாராருக்கு யூதர் என்ற பெருமை உண்டு. சடங்குகளில் பிடிப்பு இல்லை.

சனிக்கிழமை பஸ் ஓடலாமா? வேதம் படிக்கும் வாலிபர்கள் பட்டாளத்தில் சேரவேண்டுமா? இப்படிப் பல தகராறுகள். அவர்களும் சேரவேண்டும் என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால், குடும்பங்களை நேராகத் தாக்குவது கல்யாணப் பிரச்சினைதான்.

எண்ணெய்க்காரர்கள்

இதில் அடிபட்டவர்கள் நம் நாட்டு யூதர்கள்! மராட்டிய நாட்டின் கொங்கணக் கரையில் பல தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள், 'பெனே இஸ்ரேல்' என்ற பிரிவினர். செக்கு ஆட்டி எண்ணெய் எடுப்பது தொழில். சனிக்கிழமை செக்கு ஓடாது. அதனால் ஊரார் அவர்களைச் 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்' என்று அழைத்தார்கள்.

1948-ல் இஸ்ரேல் பிறந்தது. ஆயிரக்கணக்கானோர் ஆசையோடு அங்கே குடியேறினார்கள். 1962-ல் வந்தது இடி! இவர்கள் மற்ற யூதர்களை மணப்பதானால், தாய், பாட்டி வழி வம்சத்தை விசாரிக்கவேண்டும் என்று தலைமை ராபிகள் உத்தரவிட்டார்கள். சனிக்கிழமையைக் கைவிடாத மக்களைப் பார்த்து, "நீங்கள் யூதர்தானா?" என்ற கேள்வி!

அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1964-ல் பாராளுமன்றம் கூடியது. இவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று பிரதமர் லெவி எஷ்கோலின் அரசாங்கம் அறிவித்தது. உத்தரவிலிருந்து அவர்கள் பெயர் நீக்கப்பட்டது.

எது நியாயம்?

ஒரே விதி இல்லாவிட்டால் சமூகம் இரண்டாக உடையும் என்கிறார்கள் மதப்பற்றுள்ளவர்கள். அந்தப் பயத்தை அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் நடப்பது என்ன? விதி பிடிக்காதவர்கள் சைப்பிரஸ் தீவுக்குப் போய் மணம் செய்து திரும்புகிறார்கள். இஸ்ரேல் அரசாங்கமே அதைப் பதிவு செய்கிறது! பயணச் செலவுக்குப் பணம் உள்ளவருக்கு வழி உண்டு; இல்லாதவருக்கு?

நம்புகிறவர் ராபி முன்னிலையில் மணக்கட்டும். மற்றவருக்கு உள்ளூரிலேயே பதிவுத் திருமணம் இருக்கட்டும். மதம் அதனால் குறைந்துவிடாது. கொங்கணத்து எண்ணெய்க்காரர்கள் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலேதான் சனிக்கிழமையைக் காப்பாற்றினார்கள்.